மர அழுகல் பூஞ்சைகளும் நெகிழிச் சிதைவும்

பட்டுப்போன மரத்தை மண்ணாக்கும் பூஞ்சைகளில் இரு பெரும் வகைகள் உண்டு. பழுப்பு அழுகல் பூஞ்சை செல்லுலோசைத் தின்றுவிட்டு, லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். வெள்ளை அழுகல் பூஞ்சை லிக்னினையும் விடாது. மிஞ்சும் மரம் வெளுத்து நார்நாராக உரியும். நெகிழி ஆய்வில் அதிகம் பேசப்படுவது இந்த வெள்ளை அழுகல் வகையே.

லிக்னின் ஒழுங்கின்றிப் பின்னிய பாலிமர். குறிப்பிட்ட ஒரு பிணைப்பை மட்டும் வெட்டும் நொதிகள் அதனிடம் பலிக்காது. ஃபெனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்னும் வெள்ளை அழுகல் பூஞ்சையின் வழி வேறு. அது சுரக்கும் லிக்னின் பெராக்சிடேசை 1983இல் அமெரிக்காவில் மிங் டியன், கென்ட் கிர்க் இருவரும், தனியே மைக்கேல் கோல்டு குழுவினரும் அறிவித்தனர். பூஞ்சையின் உடலுக்கு வெளியே, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு, இந்நொதி எலக்ட்ரானைப் பறிக்கிறது. அதன்பின் பிணைப்பு தானே அறுகிறது. ஆள் பார்க்காத கத்தி இது. 1985இல் டி.டி.டி. பூச்சிக்கொல்லியையும் இப்பூஞ்சை சிதைப்பது தெரியவந்தது. நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் இந்நொதியை அது தாராளமாகச் சுரக்கும் என்பது ஆய்வகத்தாருக்குத் தொல்லை: ஊட்டி வளர்த்தால் வேலை நடக்காது.

நெகிழிக்கு வந்தால், லிக்னினின் சாயல் எதில் உண்டோ அதில்தான் பூஞ்சை நன்றாக வேலை செய்கிறது. பேக்கலைட் வகையைச் சேர்ந்த ஃபீனாலிக் பிசினில் லிக்னினைப் போலவே பென்சீன் வளையங்கள் உண்டு. கார்பன்-13 கொண்டு அடையாளமிட்ட பிசினை 2006இல் இப்பூஞ்சைக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அந்தக் கார்பன் பூஞ்சையின் உடலில் சேர்ந்திருந்தது. வெள்ளைப் பூஞ்சை இளஞ்சிவப்பாகவும் மாறியது. பாலித்தீன் வெறும் கார்பன் சங்கிலி. 1998இல் ஜப்பானியர் வெள்ளை அழுகல் பூஞ்சைகளின் மற்றொரு நொதியான மாங்கனீஸ் பெராக்சிடேசால் அதன் மூலக்கூறு எடையைக் குறைத்தனர் என்றாலும், நொதியோடு மாங்கனீசும் டுவீன் 80 என்ற பரப்பு இயங்கியும் சேர்க்க வேண்டியிருந்தது. நாளிதழ்களின் 'பிளாஸ்டிக் தின்னும் காளான்' செய்திகள் இந்த நிபந்தனைகளைச் சொல்வதில்லை.

இந்தியாவில் பூஞ்சையைத் தொட்டிகளில் ஆலை அளவில் வளர்க்கும் தொழில் புனேயை அடுத்த பிம்ப்ரியில் காலூன்றியது. 1954இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், மறு ஆண்டே பென்சிலின் தந்தது. பூஞ்சையியலாளர் எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் அங்கே ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்ற நுண்ணுயிரிலிருந்து ஹாமைசினைப் பிரித்தெடுத்தனர். அது பூஞ்சையைக் கொல்லும் மருந்து என்பது ஒரு வேடிக்கை. அந்த ஆலை நெகிழிப் பக்கம் போகவில்லை. மர அழுகல் பூஞ்சைகளைப் பேணி ஆய்வாளர்களுக்கு வழங்குவது புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் தொழில் நுண்ணுயிர்ச் சேகரிப்பு. அதன் 1170 எண் கொண்ட ஃபெனரோகீட்டே இனவகையைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பாலிபுரொப்பிலீன் மீது வளர்த்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். எங்கியோடோன்டியம் ஆல்பம் என்ற மற்றொரு பூஞ்சையும் அதே சோதனையில் இருந்தது. உலோக உப்பு கலந்து, முன்கூட்டியே புற ஊதா ஒளியில் காட்டிய நெகிழிகூட, 12 மாதங்களில் இரண்டில் எதனாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கவில்லை.