தனிப் பதிவெண்

தரவுத்தளத்தில் ஒரு பதிவை மற்றெல்லாப் பதிவுகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் எண் அல்லது குறியீடு. இரு பதிவுகளுக்கு ஒரே எண் வரக் கூடாது. அழித்த பதிவின் எண்ணை வேறொன்றுக்குத் தரவும் கூடாது.

கூட்டு எண்: பல விவரங்கள் சேர்ந்து அடையாளமாவது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி வட்டத்து நிலமொன்றைப் புல எண் வழியே தேட மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் எல்லாம் வேண்டும். புல எண்கள் கிராமந்தோறும் 1-இல் தொடங்குவதால் 45/2 பல ஊர்களில் இருக்கும். கிராமம் சேர்ந்தால்தான் அது ஒரே நிலத்தைச் சுட்டும். பாகம் பிரித்தால் அதுவே 45/2ஏ, 45/2பி என மாறிவிடுவது இம்முறையின் குறை.

தொடர் எண்: 1, 2, 3 எனத் தரவுத்தளமே வழங்குவது. எளிது, விரைவு. ஆனால் இணைய முகவரியில் தெரியும் எண்ணை மாற்றிப் பிறர் பதிவுகளை எளிதில் ஊகிக்கலாம். கடைசி எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டும்படி நிரல் எழுதினால், ஒரே நொடியில் வரும் இரு விண்ணப்பங்களுக்கு ஒரே எண் விழக்கூடும்.

யூயூஐடி: 128 பிட் நீளக் குறியீடு, 32 பதினறும இலக்கங்களாக எழுதப்படும். இதன் நான்காம் வகையில் 122 பிட்டுகள் குலுக்கல் முறையில் அமைவதால், பல கணினிகள் ஒன்றையொன்று கேளாமலே எண் வழங்கலாம். 2024-இல் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த ஏழாம் வகை நேரத்தை முதலில் வைப்பதால் பதிவுகள் கால வரிசையில் அமையும்.

எந்த முறையானாலும், ஊகிக்க முடியாத எண் மட்டுமே பாதுகாப்பாகாது; பதிவைப் பார்க்கும் உரிமையையும் தளம் சரிபார்க்க வேண்டும்.