மாட்டாஸ்பத்திரி கேனும் மகேந்திரகிரி என்ஜினும்



எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சினை ஊசி போட வருபவர் கேனின் மூடியைத் திறப்பார். கொளுத்துகிற வெயிலில் அதிலிருந்து வெள்ளைப் புகை வழியும். உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி. நம் வீட்டு ஃப்ரீசரே மைனஸ் 18தான். "கரண்ட் இல்லாமல் எப்படி சார் குளிர் நிற்குது?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி.

கேனுக்கு இரண்டு சுவர். நடுவே காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம். வெப்பம் எளிதில் உள்ளே போக முடியாது. 1892-ல் லண்டனில் ஜேம்ஸ் டிவார் கண்ட உபாயம் இது. டீ பிளாஸ்க்கும் அதன் வாரிசுதான். 1898-ல் அவர் ஹைட்ரஜனையே திரவமாக்கினார். அதற்கு மைனஸ் 253 டிகிரி வேண்டும்.

அந்தத் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனையும் சேர்த்து எரிப்பதே கிரையோஜெனிக் என்ஜின். கனமான செயற்கைக்கோளை உயரே கொண்டுபோக இது வேண்டும். 1991-ல் சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்திடம் என்ஜினும் தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டோம். ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி 1992-ல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பம் தர முடியாதென்று பின்வாங்கியது; என்ஜின் மட்டும் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். இந்த எரிபொருள் நிமிடத்துக்கு நிமிடம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஏவும் நாளில்தான் நிரப்ப முடியும். நிரப்பி வைத்துக்கொண்டு போருக்குக் காத்திருக்க முடியுமா? சொன்ன காரணம் அவ்வளவு பலவீனமானது.

அந்தத் திட்டத்தில் முன்னின்ற நம்பி நாராயணன் 1994-ல் பொய் வழக்கில் கைதானார். அந்தக் கைது தேவையற்றது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆயிற்று.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது பணகுடிப் பக்கம் மேற்கே தெரியும் மலை மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில்தான் நம் என்ஜினைச் சோதித்தார்கள். அந்தக் குளிரில் சாதாரண இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும், உலோகம் சுருங்கும். அதற்குள் பம்ப் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்ற வேண்டும்.

2010 ஏப்ரல் 15-ல் நம் சொந்த என்ஜினோடு முதல் ஜி.எஸ்.எல்.வி. பறந்தது. மேலே போனதும் எரிபொருள் பம்ப் நின்றது. ராக்கெட் கடலில் விழுந்தது. காரணத்தைத் தேடி, பம்பைத் திருத்தி, வானின் வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கி என்ஜினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5-ல் ஜிசாட்-14 சுற்றுப்பாதையில் நின்றது. 2023-ல் சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் மேலடுக்கிலும் மகேந்திரகிரியில் சோதித்த கிரையோஜெனிக் என்ஜின்தான்.

கேட்டது கிடைக்காத 1993-க்கும் கைகூடிய 2014-க்கும் நடுவே 21 வருஷம். ஒரு பரீட்சையில் தவறியதற்கு மூலையில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைகள் யார் வீட்டிலாவது இருந்தால், இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்