வெல்டிங் மெஷினுக்கு வைத்தியம் - ஒரு பட்டறை அலமாரியின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னா ஆளுக்கு ஒண்ணு ஞாபகம் வரும். பெரியவங்களுக்கு ராமானுஜர் அவதரிச்ச ஊர். அடுத்த தலைமுறைக்கு 1991 மே 21 ராத்திரி. நம்ம செட்டுக்கு ஹூண்டாய், நோக்கியா (2014ல மூடிட்டாங்க, பாவம்), அந்தப் பக்கம் ஒரகடத்துல ரெனோ-நிஸ்ஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு.

இந்தக் கம்பெனிகளைப் பத்தி பத்திரிகைகள்ல பக்கம் பக்கமா வந்தாச்சு. நான் எழுத வந்தது அவங்களைப் பத்தி இல்லீங்க. இருங்காட்டுக்கோட்டைலேர்ந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும், இந்தப் பக்கம் படப்பை, ஒரகடம், வல்லம் வடகால் வரைக்கும் இரும்பை இரும்போட ஒட்டற வேலை ராப்பகலா நடக்குது. ஒட்டற மெஷினே படுத்துட்டா யார் எழுப்பறது? அதுக்குன்னு ஒரு பட்டறை வைக்கணும்னா அலமாரியில என்னென்ன இருக்கணும்? இந்தக் கேள்வியைக் கையில எடுத்தா, சென்னைத் தொழில் வரலாறே வரிசையா வெளில வருது. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ரிப்பேர்ல பொறந்த தொழில்

1880கள்ல ரஷ்யாவுல பெனார்டோஸ்னு ஒருத்தர் கார்பன் குச்சியால மின்பொறி உண்டாக்கி உலோகத்தை உருக்கினார். அவருக்கப்புறம் 1888ல ஸ்லாவியனோவ் உலோகக் குச்சியையே உருக்கி ஒட்டினார். ஆனா ஒட்டின இடம் காத்து பட்டு பொறபொறன்னு போயிடும். அதுக்கு வழி கண்டவர் ஸ்வீடன்காரர் ஆஸ்கர் செல்பெர்க். கப்பல் எஞ்சினியர். ரிவெட் அடிச்ச கப்பல் பாய்லர்கள் ஒழுகும், அதை அடைக்கறது பெரிய தலைவலி. குச்சிக்கு மேல பூச்சு பூசினா அது உருகி ஒட்டுக்குப் போர்வை மாதிரி ஆயிடும்னு கண்டுபிடிச்சு, 1904ல கோதன்பர்க்ல கம்பெனி ஆரம்பிச்சார். அதான் ஈசாப். இன்னிக்கு நம்ம வெல்டர் "ராடு குடு"ன்னு கேக்கறது அந்தக் குச்சியோட வாரிசைத்தான்.

அதாவது, ராடு பொறந்ததே ஒரு ரிப்பேர் வேலைக்காக. அதே ஈசாப்போட இந்தியக் கம்பெனிக்கு அம்பத்தூர்லயும் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்லயும் ஆலை இருக்கு. கதை சுத்திச் சுத்தி நம்ம ஊருக்கே வந்துடுச்சு பாருங்க :-)

முதல் தட்டு: செம்பும் வார்னிஷும்

மெட்ராஸ்ல வெல்டிங் பெரிய அளவுல காலூன்றினதுக்கு முக்கியமான தேதி 1955 அக்டோபர் 2. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பை நேரு திறந்து வெச்ச நாள். சுவிஸ் கம்பெனியோட தொழில்நுட்பத்துல முழுக்க முழுக்க வெல்டிங்கால செஞ்ச ரயில் பெட்டிகள். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1951ல, அத்வானி-ஓர்லிகான் கம்பெனி சுவிஸ் கூட்டுல தொடங்கி நம்ம நாட்டுல ராடும் மெஷினும் செய்ய வந்தாங்க (இப்போ பேரு அடோர் வெல்டிங்). 1960கள்ல திருச்சி பி.எச்.இ.எல். பாய்லர் ஆலை. 1975ல அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாட்டு வெல்டர்னா வளைகுடா வரைக்கும் மதிப்புன்னு சொல்றாங்களே, அதுக்கு அஸ்திவாரம் போட்டதுல திருச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்து டி.சி. வெல்டிங்குக்கு மோட்டார்-ஜெனரேட்டர் செட். ஒரு மோட்டார் சுத்தும், அது ஜெனரேட்டரைச் சுத்தும், அதுலேர்ந்து வெல்டிங் கரன்ட். தேயறது கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், பேரிங். அதனால பட்டறை அலமாரியோட முதல் தட்டுல பேரிங் புல்லர், பிரஷ் ஸ்பிரிங், கம்யூட்டேட்டர் தேய்க்கற கல், ஆர்மேச்சர் சோதிக்கற கிரௌலர்.

அடுத்து வந்தது டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். சுத்தற பாகம் கிடையாது. இரும்புக் கோர், செம்புச் சுருள், அவ்வளவுதான். கிரில் பட்டறைகள்ல பாத்திருப்பீங்க, எண்ணெய்க்குள்ள முங்கி உக்காந்திருக்கும். 415 வோல்ட் உள்ள போகும், 70-80 வோல்ட் வெளில வரும், வோல்ட் குறைஞ்ச அளவுக்கு ஆம்பியர் ஏறும். கெட்டுப்போனா பெரும்பாலும் ஒரே காரணம், சூட்டுல இன்சுலேஷன் எரிஞ்சு சுருள் ஷார்ட் ஆகறது. இதுக்கு வேணுங்கறது செயின் பிளாக் (நூறு கிலோவைத் தூக்கணுமே!), காயில் சுத்தற மெஷின், ஃபைபர் கிளாஸ் டேப், வார்னிஷ், வார்னிஷைக் காய வைக்க ஒரு அடுப்பு. அப்புறம் மெக்கர்.

இந்த மெக்கரைப் பத்தி ரெண்டு வரி. கையால சுத்தினா 500 வோல்ட் உண்டாக்கி, இன்சுலேஷன் தாங்குதான்னு சொல்ற பொட்டி. ஒரு கம்பெனியோட பேரு கருவியோட பேராவே ஆயிடுச்சு. ஐ.இ.சி. 60974-4னு வெல்டிங் மெஷின்களைச் சோதிக்கறதுக்குன்னே ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. மெயின் கரன்ட் பக்கத்துக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் நடுவுல 5 மெகா ஓம், பாடிக்கும் மத்த பக்கங்களுக்கும் நடுவுல 2.5 மெகா ஓமுக்குக் குறையக்கூடாதுங்குது. ஏன் இவ்வளவு கறார்னா, வெல்டர் ஹோல்டரைக் கையில புடிச்சிருக்கார். சித்திரை வெயில்ல கையுறை வேர்வையில நனைஞ்சிருக்கும். அந்த 415 வோல்ட் இந்தப் பக்கம் கசிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மெஷின் ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு, மெக்கர் வைக்காம திருப்பிக் குடுக்கற பட்டறை, இன்னொருத்தர் உசுரை வெச்சு விளையாடுதுன்னு அர்த்தம்.

இரண்டாம் தட்டு: ஹூண்டாய் வந்த பிறகு

1996ல ஹூண்டாய் இந்தியக் கம்பெனி தொடங்குச்சு. 1998 செப்டம்பர்ல சான்ட்ரோ வந்துச்சு. ஒரு கார் பாடியில சுமாரா 3000லேர்ந்து 5000 ஸ்பாட் வெல்டிங் இருக்கும். அதெல்லாம் ரோபோ வேலை, ரிப்பேருக்கும் மெஷின் குடுத்த கம்பெனி ஆளுங்களே வருவாங்க. வெளிப் பட்டறைக்கு அங்க வேலை கம்மி.

நம்ம பட்டறைக்குச் சோறு போட்டது பெரிய கம்பெனி இல்ல. அவங்களுக்கு சீட் ஃபிரேம், சைலன்சர், பிராக்கெட்னு செஞ்சு குடுக்கற சின்ன யூனிட்டுங்க. 2010ல ரெனோ-நிஸ்ஸான், 2012ல டெய்ம்லர், 2013ல ராயல் என்ஃபீல்டுன்னு ஒரகடம் நிரம்ப நிரம்ப இந்த யூனிட்டுங்களும் பெருகுச்சு. அங்கெல்லாம் ராடு இல்ல, சுருளா வர்ற கம்பி. மிக்-னும் சி.ஓ.டூ-ன்னும் சொல்ற வெல்டிங். நாலு மணிக்குள்ள பார்ட் போகலைன்னா பெரிய கம்பெனி லைன் நிக்கும், அபராதம் விழும். அதனால இங்க ரிப்பேர்னா நாளைக்கு இல்ல, இன்னிக்கே, முடிஞ்சா இப்பவே.

மிக் மெஷின்ல பாதி வியாதி மெஷின்ல இல்லவே இல்ல. கம்பி தள்ளற ரோலர் தேஞ்சிருக்கும், லைனர் அடைச்சிருக்கும், கேஸ் வால்வு ஒட்டிக்கிட்டிருக்கும், எர்த் கிளாம்ப் லூசா இருக்கும். இரண்டாம் தட்டுல இதெல்லாம் ஸ்டாக் வெக்கணும். கூடவே தைரிஸ்டர், டையோடு, ஹீட் சிங்க் பேஸ்ட், டி.சி. அளக்கற கிளாம்ப் மீட்டர். இந்தக் கடைசி ஐட்டத்துல கவனம். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மட்டும்தான் அளக்கும். வெல்டிங் கரன்ட் டி.சி.

மூன்றாம் தட்டு: நம்மூர்க்காரர் குடுத்த சுவிட்ச்

1977ல ஃபின்லாந்து நாட்டு கெம்ப்பி, ஹிலார்க் 250னு ஒரு மெஷினைக் கொண்டு வந்தாங்க. உலகத்துலயே முதல் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின். (வீட்டு யூ.பி.எஸ். இன்வெர்ட்டர் இல்லீங்க, இது வேற.) யோசனை எளிமையானது. நம்ம லைன் கரன்ட் நொடிக்கு 100 தடவை திசை மாறுது. இதை முதல்ல டி.சி. ஆக்கி, அப்புறம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மாறற ஏ.சி.யா வெட்டினா, அதே சக்திக்குத் தேவைப்படற டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு அடக்கமா சுருங்கிடும். நாலு பேர் தூக்கின மெஷினை ஒருத்தர் தோள்ல மாட்டிக்கிட்டு ஏணி ஏறலாம்.

இவ்வளவு வேகமா, இவ்வளவு பெரிய கரன்ட்டை வெட்ட நல்ல சுவிட்ச் வேணும். அதான் ஐ.ஜி.பி.டி. 1980களோட ஆரம்பத்துல ஜி.இ. கம்பெனியில அதை உருவாக்கினவர் ஜெயந்த் பாலிகா. 1948ல மெட்ராஸ்ல பொறந்தவர், 1969ல ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்சு முடிச்சவர். 2024ல ஃபின்லாந்து குடுக்கற மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைச்சுது. முதல் இன்வெர்ட்டர் மெஷின் வந்த அதே நாட்டோட பரிசு! கிண்டியில படிச்சவர் குடுத்த சுவிட்ச்தான் ஒரகடத்துல தெருவுக்குத் தெரு வெடிக்குது (கெட்டுப்போனா நெஜமாவே டப்புன்னு வெடிக்கும், ஹிஹி).

இந்தத் தலைமுறைக்குப் பட்டறையையே மாத்தி அமைக்க வேண்டியிருந்துச்சு. ஆசிலோஸ்கோப் வேணும், அதுவும் தனிமைப்படுத்தின புரோப்போட, இல்லன்னா ஸ்கோப்பும் சேர்ந்து போயிடும். நல்ல சால்டரிங், டிசால்டரிங் ஸ்டேஷன் வேணும். கெபாசிட்டர் அளக்கற மீட்டர், கைல கட்டற எர்த் பட்டை. மூணு பேஸ் 415 வோல்ட்டை ரெக்டிஃபை பண்ணினா உள்ள சுமார் 585 வோல்ட் டி.சி. நிக்கும். மெயினை ஆஃப் பண்ணினாலும் கெபாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் புடிச்சு வெச்சிருக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர், வடிஞ்சுதான்னு மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கை. டிரான்ஸ்ஃபார்மர்ல வளர்ந்த மெக்கானிக்குக்கு இந்தப் பழக்கம் புதுசு. அவரோட மெஷின்ல பிளக்கைப் புடுங்கினா கரன்ட் போயிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு பழைய தந்திரம் மட்டும் இன்னும் ராஜா. ரிப்பேர் பண்ணின போர்டுக்கு முதல் தடவை கரன்ட் குடுக்கும்போது குண்டு பல்பு ஒண்ணை சீரியல்ல போடுவாங்க. பல்பு பளிச்சுன்னு நின்னு எரிஞ்சா உள்ள ஷார்ட். மினுக்குன்னு எரிஞ்சு மங்கினா பரவாயில்ல. ஐ.ஜி.பி.டி. விலைக்கு இந்த பல்பு தர்மப் பிரபு. எல்.இ.டி. இந்த வேலைக்கு ஆகாது. அதனால குண்டு பல்பு கிடைக்கறப்ப நாலு வாங்கி வெச்சுக்கணும்.

கடைசியா லோடு. 300 ஆம்பியர்ல வெல்டிங் வோல்ட்டேஜ் சுமார் 32. பெருக்கினா 9600 வாட். இவ்வளவையும் குடிக்கற ரெசிஸ்டர் பேங்க் இல்லாம, ரெண்டு ராடு ஒட்டிப் பாத்து "ஓகே சார்"னு அனுப்பினா, கஸ்டமர் ஷாப்புல அரை மணி நேரத்துல சூடாகித் திரும்பி வரும். ரெசிஸ்டர் பேங்குக்கு வசதி இல்லாத இடங்கள்ல உப்புத் தண்ணி டிரம்முல இரும்புத் தகடு இறக்கிச் சோதிக்கற பழைய முறையும் உண்டு.

மின்வெட்டும் வெள்ளமும்

இன்வெர்ட்டர் இந்தப் பகுதியில பரவின காலமும் தமிழ்நாட்டு மின்வெட்டுக் காலமும் ஒண்ணு. 2008லேர்ந்து அஞ்சாறு வருஷம் சின்ன யூனிட்டுங்க டீசல் ஜெனரேட்டர்லதான் வண்டி ஓட்டினாங்க. ஜெனரேட்டர் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். செம்புச் சுருள் அதைச் சகிச்சுக்கும், ஐ.ஜி.பி.டி. சகிக்காது. ஷாப்புல கிரைண்டிங் தூசி வேற. இரும்புத் தூள் ஃபேன் வழியா உள்ள போய் போர்டு மேல படிஞ்சா அதுவே ஒரு வயர்.

2015 டிசம்பர் வெள்ளத்துல பெரிய ஆலைங்களே உற்பத்தியை நிறுத்தி வெச்சாங்க. தண்ணியில நின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் கழுவி, அடுப்புல காய வெச்சு, மெக்கர் வெச்சுப் பாத்து எழுப்பிடலாம். முங்கின இன்வெர்ட்டர் போர்டு அப்படி இல்ல. உப்பும் சேறும் காலுக்கடியில தங்கி, இன்னிக்கு ஓடி அடுத்த மாசம் சாகும். ஓரங்கட்டின வார்னிஷ் அடுப்புக்கு மறுபடி மவுசு வர்றது இந்த மாதிரி சமயத்துலதான். புதுத் தலைமுறை வந்துச்சுன்னு பழைய தட்டைக் காலி பண்ணின பட்டறைக்கு அது இருக்காது.

வாங்க முடியாத கருவி

இதுவரை சொன்னதெல்லாம் காசு இருந்தா வாங்கிடலாம். பாதி ரிச்சி தெருவுலயே கிடைக்கும். கிடைக்காத ஒண்ணு இருக்கு: சர்க்யூட் படம்.

பழைய மெஷின்கள்ல கதவைத் திறந்தா உள்பக்கம் வயரிங் படம் ஒட்டியிருக்கும். செஞ்சவனுக்கும் ரிப்பேர் பண்றவனுக்கும் நடுவுல ஒரு மரியாதை அது. இன்னிக்குப் பல மெஷின்கள்ல ஐ.சி. மேல இருக்கற நம்பரைச் சுரண்டிட்டு விக்கறாங்க. சிலதுல போர்டையே பிசின் ஊத்தி மூடிடறாங்க. இன்னும் சிலது பாஸ்வேர்டு கேக்குது. ஒரு ரெசிஸ்டர் போனாலும் "போர்டு மாத்துங்க". பல சமயம் புது மெஷின் விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும்.

2022 ஜூலைல மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டாங்க, டிசம்பர்ல தளமும் திறந்தாங்க. நாலு துறைகளை எடுத்துக்கிட்டாங்க. விவசாயக் கருவி, மொபைல்-எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். வாகனம் செய்யற வெல்டிங் மெஷின் அந்தப் பட்டியல்ல இல்ல! தொழிற்கருவி வாங்கறவர் பணக்காரர், அவரைக் காப்பாத்தத் தேவையில்லன்னு ஒரு நெனப்பு போல. ஆனா சுங்குவார்சத்திரத்துல ரெண்டு மெஷின் வெச்சு பத்துப் பேருக்குச் சம்பளம் குடுக்கறவர் என்ன பெரிய பணக்காரர்? அவருக்கு மெஷின் ஒரு வாரம் படுத்தா ஆர்டரே போயிடும்.

என் கருத்து இதுதாங்க. இந்தத் தொழில்ல ஒவ்வொரு தலைமுறை மெஷினும் பட்டறைக்கு ஒரு புதுத் தட்டு கேட்டுச்சு. நம்மாளுங்க அசராம வாங்கி வெச்சாங்க, கத்துக்கிட்டாங்க. செம்பு சுத்தின கை ஸ்கோப் புடிச்சிருக்கு. நாலாவது தட்டுக்கு வேண்டியது மட்டும் கடையில இல்ல, சட்டத்துல இருக்கு. அது வர்ற வரைக்கும் நம்ம பட்டறைக்காரங்க ரிப்பேர் பண்ற ஒவ்வொரு போர்டையும் நோட்டுல வரைஞ்சு வெச்சு, தங்களுக்குள்ள பகிர்ந்துக்கறதுதான் வழி. ஆயுத பூஜைக்கு மெக்கருக்கும் ஸ்கோப்புக்கும் பொட்டு வைக்கறப்ப, அந்த நோட்டுக்கும் ஒரு பொட்டு வெச்சுடுங்க.

டிஸ்கி: அம்பத்தூர், கோவை, ஓசூர் பக்கம் இருக்கற பதிவர்களே, உங்க ஏரியா பட்டறைகள்ல முதல் தட்டு இன்னும் இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க. வைண்டிங் தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா, பேசி ஒரு பதிவு போடுங்க. அவங்க கைவேலை எந்தப் புத்தகத்துலயும் இல்ல.