மின்காந்த நாவசைவுமானி

பேசும்போது நாக்கு, உதடு, கீழ்த்தாடை ஆகியவை நகரும் பாதையை மாறுகாந்தப் புலத்தின் துணையால் அளக்கும் கருவி. ஆய்வாளர்கள் சுருக்கமாக ஈ.எம்.ஏ. என்பர். தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளை ஆராய்ந்ததில் இதற்குப் பங்குண்டு.

வரலாறு

வாய்க்குள் நாக்கு செய்வதை அறிய முன்னோருக்கு இருந்த வழி, தம் நாவைத் தாமே உற்றுணர்வதுதான். தொல்காப்பியப் பிறப்பியல் ரகர ழகரங்களை ஓரினமாகவும் லகர ளகரங்களை ஓரினமாகவும் வைக்கிறது. முன்னவற்றில் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடும். பின்னவற்றில் நாவிளிம்பு தடித்து மேலே பொருந்தும். கருவியே இல்லாமல் கண்ட இப்பாகுபாடு பெரிதும் போற்றத்தக்கது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அண்ணத்தில் பொடி பூசி நாக்குப் பட்ட தடத்தைப் பார்க்கும் முறை வந்தது. தொட்ட இடம் மட்டுமே அதில் தெரியும். வளைந்தெழும் நுனி அண்ணத்தை அடைக்காமல் நிற்கும் ழகரத்துக்கு அது போதவில்லை. எக்ஸ் கதிர்ப் படங்களில் அசைவு தெரிந்தது; ஆனால் கதிர்வீச்சுக்கு அஞ்சி நீண்ட நேரம் பதிய முடியவில்லை.

1971-இல் தாமஸ் ஹிக்சன் தாடையசைவை மின்காந்த முறையில் அளந்தார். எனினும், வாய்க்குள் பல புள்ளிகளை ஒருசேரப் பின்தொடர்ந்த பால் ஷோன்லே குழுவினரின் 1987-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆய்வே இத்துறையின் உண்மையான தொடக்கம். இதே இயற்பியலைக் கொண்டு ஒரு பொருளின் இடத்தையும் திசையையும் அறியும் முறைக்கு ஜாக் கைப்பர்ஸ் 1975-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். போர் விமானிகளின் தலைக்கவசம் நோக்கும் திசையை அறிவதே அதன் முதல் நோக்கம்.

இயங்கும் விதம்

தலையைச் சுற்றி நிலையாக நிற்கும் கம்பிச்சுருள்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி அதிர்வெண்ணில் காந்தப்புலம் எழுப்பும். நாக்கில் பசையிட்டு ஒட்டிய சில மில்லிமீட்டர் அளவுள்ள சுருளில் அதனால் மின்னழுத்தம் தூண்டப்படும். புலத்தின் வலிமை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அழுத்தத்திலிருந்து தொலைவைக் கணிக்கலாம். ஒற்றைச் சுருள் தன் அச்சில் சுழன்றால் அழுத்தம் மாறாது. ஆகவே மூன்று இட அளவுகளும் இரண்டு கோணங்களுமே கிடைக்கும். அருகில் இரும்பு மேசை இருந்தாலும் கணக்குப் பிசகும்.

தமிழ் ஆய்வு

கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ஸ்ரீகாந்த் நாராயணனும், டேனி பேர்டு, அபிகெயில் கவுன் ஆகியோரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, மேற்கண்ட ஐந்து ஒலிகளையும் காந்த ஒத்ததிர்வுப் படம், அண்ணத்தடம், இக்கருவி ஆகிய மூன்றாலும் ஆராய்ந்தது. தமிழ் ஒலியியலில் இதற்கு இணையான பணி அரிது. ஆனால் 'பழம்' என்னும் சொல் வடக்கே 'பயம்' என்றும் தெற்கே 'பளம்' என்றும் ஒலிக்கும் நாட்டுக்கு ஆய்வகப் பதிவுகள் மட்டும் போதா. களம்பூரிலோ ஆரணியிலோ ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கொண்டுசெல்லும்படியான, விலை குறைந்த கருவி வேண்டும்.

திறந்த வடிவமைப்பு

விற்பனைக் கருவிகளின் உள்ளமைப்பும் கணக்கீட்டு நிரலும் நிறுவனங்களின் கையில் உள்ளன. உற்பத்தி நின்றால் ஆய்வும் நிற்கும். இந்நிலையை உடைத்தது, அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆன்சர் என்னும் மின்காந்தத் தடமறி கருவி. அச்சுச் சுற்றுப்பலகையில் வரைந்த எட்டுத் தட்டைச் சுருள்கள், வரைபடம், நிரல் அனைத்தும் எவரும் செய்துகொள்ளப் பொதுவில் உள்ளன. இது அறுவைக் கருவிகளை உடலுக்குள் வழிநடத்த எழுந்தது. நாநுனியின் வேகத்துக்கு இதைத் தகவமைப்பது இனி ஆகவேண்டிய பணி.

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேச்சு ஆய்வகம் நாவசைவுமானியைப் பயன்படுத்துகிறது.