பழைய வணிகக் கையேடுகளும் பினாங்குத் தமிழர் குடும்ப வரலாறும்

1786இல் பினாங்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமான பின்னர், ஜார்ஜ் டவுனில் தமிழ் வணிகர் பலர் குடியேறினர். அவர்தம் வழியினர் குடும்ப வரலாற்றைத் தொகுக்க முற்படும்போது, 'சிங்கப்பூர் அண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைரக்டரி' போன்ற பழைய ஆண்டுக் கையேடுகள் துணைபுரிவதை நாம் காண்கிறோம். நிறுவனம், தொழில், தெரு முதலியவற்றை அவை பதிவு செய்துள்ளன.

எனினும், தமிழ்ப் பெயர் மரபை அறிந்தே அவற்றைப் படித்தல் வேண்டும். தமிழரிடையே குடும்பப்பெயர் வழக்கு பெரும்பாலும் இல்லை; முன்னெழுத்து தந்தை பெயரைக் குறிக்கும். ஆகவே, தந்தையும் மகனும் அகரவரிசையில் வெவ்வேறு இடங்களில் அமைவர். நகரத்தார் கடைகளோ, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன 'விலாசத்தால்' அறியப்பட்டன. அங்குக் குறிக்கப்படுபவர் உரிமையாளராக அன்றி, ஊரிலிருந்து அனுப்பப்பட்ட முகவராகவும் இருக்கலாம். தெருப்பெயர்களும் மாறியுள்ளன: அன்றைய பிட் தெருவே இன்றைய மஸ்ஜித் கபித்தான் கெலிங் சாலை.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் பெண்களும் இக்கையேடுகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஏட்டில் பெயர் இல்லாமையால், முன்னோர் இங்கு வாழவில்லை என முடிவு செய்தல் தவறாகும். அவர்தம் வாழ்வுக்குக் கோயில், பள்ளிவாசல் பதிவுகளும் முதியோர் வாய்மொழியும் சான்றுகளாகும். கையேடுகள் நூலகத்தில் நிலைத்திருக்கும். முதியோர் நினைவோ அவ்வாறன்று. ஆதலின், தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு முதலில் அதனைப் பதிவு செய்தல் நலம்.