சரஸ்வதி ஸ்டோர்ஸ்
1932இல் ஏ.வி. மெய்யப்பன் (1907–1979) கூட்டாளிகளுடன் சேர்ந்து சென்னையில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம். காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்றுவந்த அவர், விற்பனையோடு நில்லாமல் பாடல்களைப் பதிவுசெய்யவும் முனைந்தார். நாடகப் பாடல்களும் பக்திப் பாடல்களும், ஜெர்மனியில் தோன்றிய ஓடியன் முத்திரையில் வெளிவந்தன. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். மேடையில் விரித்துப் பாடிய பாட்டு அதற்குள் அடங்க வேண்டும். பாடகருக்கு இது கடினமான கட்டுப்பாடு. ஆயினும் நாடகக் கொட்டகையின் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவை இத்தகைய தட்டுகளே. பேசும்படம் பரவியதும் மெய்யப்பன் திரைத்துறைக்கு வந்து ‘அல்லி அர்ஜுனா’வை (1935) தயாரித்தார். ‘நந்தகுமார்’ (1938) படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தது, தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.