வழியில் நின்ற கப்பலும் நிற்காத பணியும்



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. வெளிநாட்டு விமானங்கள் நின்றன. விடுமுறைக்கு வரவேண்டிய பிள்ளைகள், வேலை முடிந்து திரும்பவேண்டிய கணவன்மார், போன இடத்திலேயே தங்கிவிட்டனர். அந்நாட்களில் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, "சாமி, டிக்கெட் கையில இருக்கு, பையன் மட்டும் அங்கேயே மாட்டிக்கிட்டான். என்ன செய்வான்?" என்று அழுதார். செபிக்கிறேன் என்று மட்டுமே அன்று என்னால் சொல்ல முடிந்தது. அந்தத் தாயின் கேள்விக்கு நம் திருச்சபையின் வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. அதை இந்த யூபிலி மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1541ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன. அவற்றுள் சந்தியாகு என்னும் கப்பலில் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் இருந்தார். அன்று அவருக்கு 35 வயது நிறைந்தது. இந்தியாவின் ஆளுநராகப் பதவியேற்க வந்த மார்த்தின் அபோன்சோ தெ சூசாவும் அதே கப்பலில் வந்தார். சவேரியாரோ திருத்தந்தையின் தூதுவர் என்ற உயர்ந்த அதிகாரத்தோடு வந்தவர். பணிவிடைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தியபோது, தம் துணிகளைத் தாமே துவைத்துக்கொள்வதாகக் கூறி மறுத்துவிட்டார்.

அக்காலக் கடற்பயணம் காற்றை நம்பியது. வசந்தத்தில் லிஸ்பனை விட்ட கப்பல் காலத்தோடு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்தால், தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் அதே ஆண்டு கோவா சேரலாம். தாமதித்தால் காற்று திரும்பிவிடும். பிறகு அடுத்த பருவம்வரை ஆப்பிரிக்கக் கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சவேரியாரின் கப்பலுக்கு அதுவே நேர்ந்தது. வழியில் காற்றின்றி நெடுநாள் நின்றுபோயிற்று. மொசாம்பிக் தீவை அடைந்தபோது பருவம் தவறிவிட்டது. ஏறக்குறைய ஆறு மாதங்கள் அங்கே தங்க நேர்ந்தது.

அத்தீவு மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சிறு பவளத்திட்டு. வெப்பமும் காய்ச்சலும் மிகுந்த இடம். மாதக்கணக்காகக் கடலில் வாடி வந்த ஐந்து கப்பல் நோயாளிகளும் அங்கே இறக்கப்பட்டனர். இறந்தவரும் பலர்.

சவேரியார் என்ன செய்தார்? இந்தியாவை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. தம் தோழர்களாகிய மிசேர் பவுலோடும் பிரான்சிஸ்கோ மன்சிலாசோடும் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், நற்கருணை வழங்கினார், இறப்போர் நல்மரணம் அடைய உதவினார். ஞாயிறுதோறும் ஆளுநர் முன்னிலையில் மறையுரை ஆற்றினார். இறுதியில் அவரே காய்ச்சலில் விழுந்தார். அக்கால வைத்திய முறைப்படி பலமுறை அவர் உடலிலிருந்து இரத்தம் எடுத்தனர். அந்த நிலையிலும் தம்மைவிட மோசமாயிருந்த ஒருவருக்குப் பணிசெய்ய அவர் எழுந்து சென்றதை உடனிருந்தோர் பின்னாளில் சான்றாகக் கூறினர். 1542 சனவரி முதல் நாள் அத்தீவிலிருந்து அவர் உரோமைக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

பிப்ரவரி இறுதியில் ஆளுநர் புறப்பட்டபோது சவேரியாரையும் உடன் அழைத்துச் சென்றார். ஆனால் தோழர் இருவரும் தீவிலேயே நின்றுவிட்டனர். நோயாளிகளை விட்டுவர மனமில்லை. முதலில் காற்று அவர்களைத் தங்கவைத்தது; இப்போது அன்பு தங்கவைத்தது.

1542 மே 6ஆம் நாள் சவேரியார் கோவா சேர்ந்தார். அங்கும் அவர் தங்கியது மருத்துவமனையில்தான். ஆண்டின் இறுதிக்குள் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, தமிழில் மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்து சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய இந்தியப் பணி கோவாவில் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். அது மொசாம்பிக்கின் நோயாளிக் கட்டில்களின் அருகே தொடங்கிவிட்டது என்பேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே மொசாம்பிக் கரை இன்னொருவரையும் தடுத்து நிறுத்தியது. 1604இல் லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட இராபர்ட் தெ நொபிலியின் கப்பல் அக்கரையருகே சிதைந்தது. பல மாதத் தாமதத்துக்குப் பின் 1605 மே திங்களில் அவர் கோவா வந்தார். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்தது இவரையே. மதுரையில் பல்லாண்டு பணியாற்றியபின் 1623இல் அவர் வடக்கே நடந்து நம் பகுதிக்கு வந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். சேலத்திலோ தங்க வீடு கிடைக்கவில்லை. காற்றும் பனியும் புகும் சாவடியில் பல நாள் கிடந்து நோயுற்றார். பின்னரே இரங்கிய ஒருவரால் அவருக்குக் கூரை கிடைத்தது. அவர் மனங்கசந்து மதுரைக்குத் திரும்பிவிடவில்லை. 1625இல் திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். நம் சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல். விதையோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன், அந்தச் சாவடியிலிருந்து எழுந்தவரால் ஊன்றப்பட்டது.

இதைப் படிக்கும்போது நம் ஊரைக் குறித்து எனக்குச் சற்று வெட்கம் உண்டாகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கைதியாகச் சென்ற புனித சின்னப்பரின் கப்பல் உடைந்து, 276 பேரும் மால்தா தீவில் கரையேறினர். ஊரார் யார், என்ன என்று கேட்காமல், மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி அனைவரையும் ஏற்றுக்கொண்டனர். புப்ளியு தம் வீட்டில் மூன்று நாள் விருந்தோம்பினார். காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திய அவர் தந்தையைச் சின்னப்பர் குணமாக்கினார். அந்த மூன்று மாதங்கள் வீணாகாமல் போனதில் சின்னப்பருக்கு எவ்வளவு பங்கோ, அந்தத் தீயை மூட்டிய கைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நம் செவ்வாய்ப்பேட்டை சந்தையால் பெயர்பெற்ற ஊர். சரக்கோடு வருபவர், வேலை தேடி வருபவர் என்று வெளியூரார் வராத நாள் இல்லை. மொழி தெரியாத வடநாட்டுத் தொழிலாளியும் அவர்களுள் உண்டு. திட்டமிட்டபடி ஊர் திரும்ப முடியாமல் அவர்களுள் ஒருவர் நம் தெருவில் நின்றால், நாம் அவருக்குச் சாவடியைக் காட்டுவோமா, தீ மூட்டுவோமா?

அந்தத் தாயின் மகனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான்கு மாதம் கழித்து ஊர் வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். அறையில் உடனிருந்த இருவருக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததைச் சொன்னான். அவர்களில் ஒருவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். நம் மொழி பேசுபவரும் அல்லர். "வேற என்ன சாமி பண்றது, பக்கத்துல படுத்திருந்தாங்க" என்றான். சவேரியாரைப் பற்றி அவன் அதிகம் படித்தவனல்லன். ஆனால் மொசாம்பிக்கில் அந்தப் புனிதர் செய்ததும் அதுதான்.

யூபிலி ஆண்டில் இறைவன் நமக்கு அந்த மனத்தைத் தருவாராக. நாம் நிற்க நேர்ந்த இடத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரைக் காணும் கண்ணையும், நம் வாசலில் நிற்க நேர்ந்தவருக்குத் திறக்கும் கதவையும் அருள்வாராக.